வெங்ஙானூரின் இரண்டு பள்ளிகள்: நெய்யாற்றின்கரை எல்லைப்புறத்தில் ஒரு பெற்றோர் வரலாறு

நெய்யாற்றின்கரை வட்டத்தில், விழிஞ்ஞம் கடற்கரையை ஒட்டி அமைந்த வெங்ஙானூர் கேரளக் கல்வி வரலாற்றில் இருமுறை இடம்பெறுகிறது. பள்ளி வாசல் மறுக்கப்பட்ட தம் மக்களின் குழந்தைகளுக்காக 1904-இல் அய்யன்காளி அங்கு ஒரு பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார். நூறாண்டுகள் கழித்து, 2004-இல், அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்காகக் கிராமப் பஞ்சாயத்துகள் நடத்தும் ‘பட்ஸ்’ பள்ளிகளுள் முதலாவது அதே ஊரில் திறக்கப்பட்டது. முதல் நிகழ்வு பாடநூல்களில் உண்டு. இரண்டாவது நிகழ்வு குடும்பஸ்ரீ இயக்கத்தின் அறிக்கைகளைத் தாண்டி ஆய்வாளர்களின் கவனத்துக்கு அதிகம் வரவில்லை.

இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பதற்கு ஊர்ப்பெயரின் ஒற்றுமை மட்டும் போதிய காரணமாகாது. வேறொரு காரணம் உண்டு. எந்தக் குழந்தைக்குப் பள்ளி, எந்தக் குழந்தைக்கு இல்லை என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது, அதைப் பெற்றோர் எவ்வகையில் கேள்விக்கு உட்படுத்தினர் என்பதே இரு நிகழ்வுகளுக்கும் பொதுவான வினா. பாறசாலை முதல் வெங்ஙானூர் வரையிலான இந்த எல்லைப்புற நிலம் அவ்வினாவுக்கு விடை தேடப் பொருத்தமான களம்.

வாசல் மறுக்கப்பட்ட காலம்

திருவிதாங்கூரில் கல்விச் செலவை அரசு ஏற்க வேண்டும் என்ற கொள்கையை ராணி கௌரி பார்வதி பாய் 1817-இல் அறிவித்தார். அந்த அறிவிப்புக்கும் புலையர், பறையர் குழந்தைகள் அரசுப் பள்ளியின் படியேறுவதற்கும் இடையே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தது. இடைப்பட்ட காலத்தில் லண்டன் மிஷன் சங்கம் தெற்குத் திருவிதாங்கூரில் பள்ளிகளைத் தொடங்கியது. மயிலாடியில் ரிங்கல்தௌபே தொடங்கிய பணி நாகர்கோவில், நெய்யூர் வழியாக மேற்கே பரவி, 1845-இல் பாறசாலை தனி மிஷன் நிலையமாயிற்று. ஜான் ஆப்ஸ், சாமுவேல் மெட்டீர் ஆகியோர் அங்குப் பணியாற்றினர். பாறசாலைப் பகுதியின் ஒடுக்கப்பட்ட குடும்பங்களுக்கு எழுத்தறிவு இந்த வழியில்தான் முதலில் வந்தது. அதுவும் பெரும்பாலும் தமிழ் எழுத்தாகவே வந்தது.

அய்யன்காளியின் வழி வேறு. 1904-இல் தொடங்கிய பள்ளி எதிர்ப்பாளர்களால் அழிக்கப்பட்டது என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். 1907-இல் சாதுஜன பரிபாலன சங்கம் தோன்றியது. ஒடுக்கப்பட்ட குழந்தைகளை அரசுப் பள்ளிகளில் சேர்க்க ஆணை பிறந்த பின்னும் ஊர்ப் பள்ளிகளின் வாசல் திறக்கவில்லை. பள்ளி அனுமதியை முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்றாக வைத்து வயல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். வயல்கள் தரிசாகக் கிடந்தன. பின்னர் அய்யன்காளி பஞ்சமி என்னும் சிறுமியை ஊருட்டம்பலம் அரசுப் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். கலவரம் மூண்டது, பள்ளி தீக்கிரையானது. அன்று எரிந்து எஞ்சியதாகக் கருதப்படும் ஒரு பெஞ்சு இன்றும் அப்பள்ளியில் காக்கப்படுகிறது. 2022-இல் கேரள அரசு அப்பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவரின் பெயரையும் சூட்டியது.

இந்த வரலாற்றில் ஒரு நுட்பமான வரிசை உண்டு. முதலில் தனிப்பள்ளி, பிறகு பொதுப்பள்ளிக்கான போராட்டம். மறுக்கப்பட்டவர்கள் தமக்கென ஓரிடம் அமைத்துக்கொண்டார்கள். அவ்விடத்தோடு நிறைவடையாமல் எல்லோருக்குமான இடத்தைக் கேட்டார்கள். தனிப்பள்ளியா, பொதுப்பள்ளியா என்ற இன்றைய சிறப்புக் கல்வி விவாதத்தை மதிப்பிடும்போது இவ்வரிசை மீண்டும் நினைவுக்கு வர வேண்டும்.

எண்ணப்படாத குழந்தை

சாதியின் பெயரால் மறுக்கப்பட்ட குழந்தை அரசின் கண்ணுக்குத் தெரிந்த குழந்தை. ஆணைகள் அக்குழந்தையைக் குறித்துப் பேசின. எதிர்த்தோரும் அதைக் குறித்தே பேசினர். அறிவுசார் வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தையின் நிலை வேறு. அது நெடுங்காலம் எந்தப் பட்டியலிலும் தெளிவாக இடம்பெறவில்லை.

காலனியக் கால மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் 1931 வரை ‘குறைபாடுகள்’ என்ற தலைப்பில் பைத்தியம், செவிடு-ஊமை, குருடு, தொழுநோய் ஆகிய நான்கையும் எண்ணின. இச்சொற்கள் அக்கால ஆவணங்களின் சொற்கள். அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைக்கு அதில் தனிக் கட்டம் இல்லை. 1931-க்குப் பின் இக்கணக்கே கைவிடப்பட்டது. 1981-இல் பார்வை, பேச்சு, உடலுறுப்பு சார்ந்த முழுக் குறைபாடுகள் மட்டும் கேட்கப்பட்டன. 1991-இல் மீண்டும் ஒன்றும் இல்லை. 2001-இல் ‘மனம்’ என்ற ஒரே பிரிவு வந்தது. மனநோயும் அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடும் தனித்தனியாக எண்ணப்பட்டது 2011 கணக்கெடுப்பில்தான். கேரளத்தில் மாற்றுத்திறனாளிகள் 7.61 லட்சம் என்றும் தமிழ்நாட்டில் 11.79 லட்சம் என்றும் அக்கணக்கெடுப்பு காட்டியது. எனவே 2011-க்கு முன், பாறசாலைப் பகுதியில் இத்தகைய குழந்தைகள் எத்தனை பேர் என்ற எளிய வினாவுக்குக்கூடக் கணக்கெடுப்பு நூல்களில் விடை கிடைக்காது.

சட்டத்தின் போக்கும் இதுவே. பிரிட்டிஷ் இந்தியாவின் 1912-ஆம் ஆண்டுச் சட்டம் பித்தர் என்ற சொல்லின் வரையறைக்குள்ளேயே அறிவு வளர்ச்சி குன்றியோரையும் அடக்கியது. திருவிதாங்கூரில் 1870-இல் உருவான ஊளம்பாறை மனநோய் விடுதியே அரசு அறிந்திருந்த ஒரே வகை நிறுவனத்தின் சான்று. 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் மனநோயின் வரையறையிலிருந்து அறிவுசார் வளர்ச்சிக் குறைபாட்டை விலக்கியது. மருத்துவ நோக்கில் அது சரியான திருத்தம். நோயாளி அல்லாத ஒருவரை நோயாளி என்று அழைக்கும் பிழை அதனால் நீங்கியது. ஆயினும் பழைய சட்டத்திலிருந்து வெளியே வந்தவர்களுக்குப் புதிய சட்டம் எதுவும் காத்திருக்கவில்லை. 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் வரும்வரை கல்வியுரிமை இல்லை. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் வரும்வரை, பதினெட்டு வயது கடந்தவருக்குப் பாதுகாவலரை நியமிக்க எளிய வழியும் இல்லை.

பல மாநிலங்களின் கட்டாயக் கல்விச் சட்டங்களில் ஒரு விதிவிலக்கு உண்டு. உடலாலோ மனத்தாலோ பள்ளிக்கு வர இயலாத குழந்தையின் பெற்றோர் தண்டிக்கப்படமாட்டார். கருணையாக எழுதப்பட்ட விதி அது. அதன் மறுபக்கம், அந்தக் குழந்தைக்குப் பள்ளி தேட வேண்டிய கடமையிலிருந்து அரசும் விலகிக்கொள்கிறது. பஞ்சமிக்கு வாசல் அடைக்கப்பட்டது. இக்குழந்தைகளுக்கு வாசல் அடைக்கப்படவில்லை. அவர்கள் வரவேண்டியதில்லை என்று சொல்லப்பட்டது. முதலாவதை எதிர்த்துப் போராட எதிரி ஒருவர் கண்முன் நின்றார். இரண்டாவதில் எதிரே நின்றது பரிவான முகம். பெற்றோரின் பணியைக் கடினமாக்கியது அந்தப் பரிவே.

பெற்றோர் கட்டிய நிறுவனங்கள்

இந்தியாவில் சிறப்புக் கல்வியின் வரலாறு பெருமளவு பெற்றோர் வரலாறு. பம்பாயில் ஜெய் வக்கீல் தம் மகளுக்காக 1944-இல் தொடங்கிய பள்ளி நாட்டின் முன்னோடிப் பள்ளிகளுள் ஒன்று. 1972-இல் மிது ஆலூர், மூளை முடக்குவாதம் கொண்ட தம் மகள் மாலினியின் பொருட்டு அதே நகரில் ஓர் அமைப்பைத் தோற்றுவித்தார். சென்னையில் 1985-இல் பூனம் நடராஜன் தொடங்கிய நிறுவனமே பின்னர் வித்யாசாகர் ஆயிற்று. தம் மகனுக்காகப் பள்ளி தேடிய அத்தாய் பிற்காலத்தில் தேசிய அறக்கட்டளையின் தலைவராகவும் பணியாற்றினார். தில்லியில் மெர்ரி பருவா 1991-இல் ஆட்டிசத்துக்கான இயக்கத்தைத் தொடங்கியதும் தம் மகனை முன்னிட்டே.

பெற்றோர் அல்லாதோரின் பணியும் இணையாக நடந்தது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1953-இல் உருவாக்கிய பால விஹார் அதற்குச் சான்று. திருவனந்தபுரத்தில் அருட்தந்தை தாமஸ் பெலிக்ஸ் தொடங்கிய மத்திய மனவளர்ச்சிக் குறைபாட்டு நிறுவனம் குழந்தைகளோடு பெற்றோருக்கும் பயிற்சி அளித்தது. 1987-இல் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் மருத்துவர் எம். கே. சி. நாயரின் முயற்சியால் குழந்தை வளர்ச்சி மையம் உருவானது. பேச்சு, கேட்புக்கான தேசிய நிறுவனம் 1997-இல் அதே நகரில் தோன்றியது.

இப்பட்டியலை வாசிக்கும்போது ஒன்று புலப்படும். பள்ளி கட்டிய பெற்றோர் நகரத்தவர், ஆங்கிலம் அறிந்தவர், அலுவலகக் கதவுகளைத் தட்டும் வசதி உடையவர். தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த எல்லைப்புறக் கிராமங்களில் அத்தகைய மூலதனம் இல்லை. பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். வரைபடத்தில் அது சிறிய தொலைவு. நடக்க இயலாத பத்து வயதுப் பிள்ளையை இடுப்பில் சுமந்து பேருந்தில் ஏறும் தாய்க்கு, வாரம் இருமுறை சிகிச்சைக்குச் செல்வது என்பது வாரம் இரண்டு நாள் கூலியை இழப்பது. நகரத்தில் நிறுவனம் இருப்பதும் கிராமத்துக் குழந்தைக்கு அது கிடைப்பதும் ஒன்றல்ல என்பதை இந்தக் கணக்கே காட்டும்.

இரண்டு சொற்கள், இரண்டு மொழிகள்

இந்தத் தொலைவைக் குறைத்த கருவிகளுள் ஒன்று 1991-இல் வெளியானது. குழந்தை வளர்ச்சி மையத்தின் ஆய்வாளர்கள் உருவாக்கிய ‘திருவனந்தபுரம் வளர்ச்சிச் சோதனை அட்டவணை’, பிறந்தது முதல் இரண்டு வயது வரையிலான குழந்தையின் வளர்ச்சியை 17 செயல்களைக் கொண்டு மதிப்பிடுகிறது. முகம் பார்த்துச் சிரிப்பது, கழுத்து நிற்பது, குப்புற விழுவது, ஒரு கையிலிருந்து மறுகைக்குப் பொருளை மாற்றுவது, பற்றி நடப்பது, இரண்டு சொற்கள் பேசுவது, பொம்மையின் உறுப்புகளைச் சுட்டிக் காட்டுவது என அச்செயல்கள் அமைகின்றன. குழந்தையின் வயதுக்கு நேரே ஒரு கோடு இழுத்து, கோட்டுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய செயல் எதுவும் எஞ்சியிருந்தால் மேற்பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். மருத்துவர் தேவையில்லை, பயிற்சி பெற்ற அங்கன்வாடிப் பணியாளரே சில நிமிடங்களில் செய்துவிடலாம். தாயின் மனத்தில் இருந்த ஐயத்துக்கு அரசு ஊழியர் ஒருவர் கையெழுத்திடும் வாய்ப்பு அதனால் பிறந்தது. “தானாகச் சரியாகிவிடும்” என்ற ஊராரின் சொல்லுக்கு எதிராக அத்தாய் காட்டக்கூடிய முதல் தாளும் அதுவே.

அட்டவணை கேட்கும் அந்த இரண்டு சொற்கள் எல்லைப்புற வீடுகளில் வேறொரு வரலாற்றைத் தொடுகின்றன. மாநில மறுசீரமைப்புக்கு முன் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் உரிமை கோரிய பகுதிகளுள் நெய்யாற்றின்கரை வட்டத்தின் தமிழ்ப் பகுதிகளும் அடங்கும். 1954 ஆகஸ்டு 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நிகழ்ந்த துப்பாக்கிச் சூடு அப்போராட்டத்தின் உச்சம். 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு மேற்கே வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் மொழிச் சிறுபான்மையினர் ஆயினர்.

தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்று அரசமைப்பின் 350-ஏ பிரிவு கூறுகிறது. வழக்கமான வளர்ச்சியுடைய குழந்தை, வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக இரண்டையும் கற்றுக்கொண்டுவிடும். எல்லைப்புறத்தின் பல தலைமுறைகள் அவ்வாறே வளர்ந்தன. பேச்சு தாமதமாகும் குழந்தையின் வீட்டில் இது முடிவெடுக்க வேண்டிய சிக்கலாகிறது. பயிற்சி அட்டைகளும் சிறப்பாசிரியரின் பேச்சும் மலையாளத்தில். பாட்டியின் தாலாட்டும் தாயின் கொஞ்சலும் தமிழில். ஒரே மொழியில் பேசினால்தான் குழந்தை தேறும் என்ற அறிவுரை உலகின் பல நாடுகளில் இருமொழிக் குடும்பங்களுக்கு நெடுங்காலம் வழங்கப்பட்டு வந்தது. எந்த மொழியை விடுவது என்று வரும்போது அதிகாரமற்ற மொழியே விடப்படும்.

அந்த அறிவுரைக்கு உறுதியான சான்று இல்லை. டவுன் கூட்டறிகுறி உள்ள குழந்தைகளைக் குறித்துக் கனடாவில் 2005-இல் வெளியான ஆய்வு, இருமொழிச் சூழலில் வளர்ந்த குழந்தைகள் அதே நிலையிலுள்ள ஒருமொழிக் குழந்தைகளைவிடப் பின்தங்கவில்லை என்று காட்டியது. ஆட்டிசம் குறித்த பிற்கால ஆய்வுகளும் இதே திசையில் செல்கின்றன. சொல்வளம் குறைந்த ஒரு குழந்தையிடம் வீட்டார் தமக்கு வசப்படாத மொழியில் பேசத் தொடங்கினால், குழந்தை கேட்கும் பேச்சின் அளவும் இயல்பும் குறையும். பாட்டியோடும் அண்டை வீட்டாரோடும் இருந்த உறவும் குறுகும். மொழிச் சிறுபான்மையினர் உரிமையும் மாற்றுத்திறனாளி உரிமையும் சந்திக்கும் இந்தப் புள்ளி, இரு துறை ஆய்வுகளுக்கும் இடையே கவனிப்பாரற்றுக் கிடக்கிறது.

2004: பஞ்சாயத்து நடத்திய பள்ளி

1996-இல் கேரளத்தில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் உள்ளாட்சி அமைப்புகளுக்கு அளித்தது. 1998-இல் குடும்பஸ்ரீ தோன்றியது. அயல்கூட்டம் என்னும் சிறு பெண்கள் குழு வாரந்தோறும் ஒரு வீட்டு முற்றத்தில் கூடியது. சிறுசேமிப்புக்காகக் கூடிய அக்குழுக்களால் இன்னொன்றும் நிகழ்ந்தது: பூட்டிய அறைக்குள் இருந்த குழந்தை அண்டை வீட்டாரின் பேச்சுக்குள் வந்தது. கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு, பிள்ளையை விட்டுவர முடியவில்லை என்ற பதில் கிடைக்கும்போது, ஒரு குடும்பத்தின் மறைவான துயரம் ஒரு வார்டின் பொதுச் செய்தியாகிறது.

அச்சூழலில்தான் 2004-இல் வெங்ஙானூர்ப் பஞ்சாயத்து முதல் பட்ஸ் பள்ளியைத் திறந்தது. பள்ளியின் உரிமை ஊராட்சியிடம், ஒருங்கிணைப்பு குடும்பஸ்ரீயிடம். பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்குப் பள்ளி, அதற்கு மேற்பட்டோருக்கு மறுவாழ்வு மையம் என்று இம்முறை பின்னர் விரிந்தது. இன்று மாநிலம் முழுவதும் 300-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இவ்வகையில் இயங்குகின்றன. எண்டோசல்பான் பாதிப்புக்கு உள்ளான காசர்கோடு மாவட்டத்தில் இப்பள்ளிகள் நிவாரணத்தின் மையமாயின. கன்னடமும் துளுவும் பேசும் வட எல்லையும் தமிழ் பேசும் தென் எல்லையும் இந்த வரலாற்றில் ஒன்றையொன்று சந்திப்பது கவனத்துக்குரியது.

பட்ஸ் பள்ளியின் முதற்பயன் குழந்தைக்குக் கிடைத்த கல்வி. அதற்கு இணையான இரண்டாம் பயன், தாய்க்குக் கிடைத்த பகல் நேரம். காலை முதல் மாலை வரை குழந்தை பாதுகாப்பாக இருக்கும் ஓரிடம் ஊருக்குள் இருந்தால் தாய் தொழிலுறுதித் திட்ட வேலைக்குப் போகலாம், தையல் பழகலாம், உறங்கவும் செய்யலாம். பராமரிப்பாளருக்கு மாதம் 600 ரூபாய் வழங்கும் ‘ஆஸ்வாசகிரணம்’ திட்டமும் இந்த உழைப்பை அரசு ஏற்றுக்கொண்டதன் அடையாளம். தொகை மிகச் சிறிது. எனினும் பராமரிப்பவரை ஒரு பயனாளியாகப் பெயர் குறித்த கொள்கை மாற்றம் சிறிதன்று.

வேலைநிறுத்தம் செய்ய இயலாத உழைப்பு

1904-க்கும் 2004-க்கும் இடையிலான ஒப்புமை எல்லை கடந்து நீளக் கூடாது. அய்யன்காளியின் மக்களிடம் ஒரு கருவி இருந்தது: அவர்கள் கை வைக்காவிட்டால் நிலவுடைமையாளரின் வயல் விளையாது. உழைப்பைத் திரும்பப் பெறும் ஆற்றலே அவர்களின் கோரிக்கைக்கு வலு சேர்த்தது. சிறப்புத் தேவையுள்ள குழந்தையின் தாயிடம் அக்கருவி இல்லை. அவள் ஒரு நாள் உழைப்பை நிறுத்தினால் எந்த முதலாளியும் நட்டமடையமாட்டார். குழந்தை பட்டினி கிடக்கும். உலகிலேயே வேலைநிறுத்தம் செய்ய இயலாத உழைப்புகளுள் ஒன்று இது.

ஆகவே இவ்வியக்கத்தின் வடிவங்கள் அமைதியானவை; வரலாற்றாசிரியர் கண்ணில் எளிதில் படாதவை. கிராமசபையில் எழுந்து நிற்பது, மாற்றுத்திறனாளிகளுக்கான தனிக் கிராமசபையைக் கேட்டுப் பெறுவது, வார்டு உறுப்பினரின் வீட்டுக்கு மீண்டும் மீண்டும் நடப்பது, சான்றிதழ் முகாமில் நாள் முழுவதும் காத்திருப்பது, பள்ளி வாகனத்துக்கான மனுவில் ஐம்பது கையெழுத்துத் திரட்டுவது ஆகியவையே அவ்வடிவங்கள். தீக்கிரையான பள்ளி வரலாறாகிறது. ஐந்தாண்டு நடந்து பெற்ற சாய்தளம் வரலாறாவதில்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. சாதி எதிர்ப்பில் தனிப்பள்ளியிலிருந்து பொதுப்பள்ளிக்குச் சென்ற பாதை ஒற்றைத் திசைப் பாதை. திரும்பி வரும் தேவை எவருக்கும் இல்லை. அறிவுசார் குறைபாட்டில் பாதை அவ்வாறு அமைவதில்லை. ஒரு குழந்தைக்குப் பொது வகுப்பறையின் நட்பு தேவை. அதே குழந்தைக்குச் சில மணி நேரத் தனிப்பயிற்சியும் தேவை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு 6 முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியையோ சிறப்புப் பள்ளியையோ தேர்ந்துகொள்ளும் உரிமையை வழங்கியது. தேர்வு என்ற சொல்லுக்கு இரண்டும் எட்டும் தொலைவில் இருந்தால்தான் பொருள் உண்டு. அருகமைப் பள்ளியில் சிறப்பாசிரியர் வாரம் ஒரு நாள் மட்டும் வந்துபோனால், தாய் சிறப்புப் பள்ளியைத் தேர்ந்தாள் என்று பதிவாவது தேர்வாகாது.

கல்வியுரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்யப்பட்ட திருத்தமும் இத்தகையதே. கடுமையான குறைபாடுள்ள குழந்தை வீட்டிலிருந்தே கல்வி பெறும் உரிமையை அது தந்தது. படுக்கையிலுள்ள குழந்தைக்கு அது வரம். ஆனால் பள்ளிக்கு வரக்கூடிய குழந்தையை வீட்டுக்கல்விப் பட்டியலில் எழுதிவிடுவதும் அதே விதியால் எளிதாயிற்று. பழைய விதிவிலக்கு உரிமையின் மொழியில் மறுபிறவி எடுக்கும் ஆபத்து இது. ஒவ்வொரு வட்டார வள மையத்தின் பட்டியலையும் பெற்றோர் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்க வேண்டிய தேவை இதனால் எழுகிறது. சிறப்பாசிரியர் ஒருவருக்குத் தொடக்க நிலையில் 10 குழந்தைகள், அதற்கு மேல் 15 குழந்தைகள் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் வலியுறுத்தியது. கேள்வி கேட்கும் பெற்றோரின் கையில் உள்ள மிகத் துல்லியமான அளவுகோல் அதுவே.

எல்லைக்கோடும் சான்றிதழும்

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே உறவுமுறை எல்லையை அறியாது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் 1956-க்குப் பின்னும் தொடர்கின்றன. குறைபாடுள்ள குழந்தையோடு பிறந்தகம் திரும்பும் பெண் சில கிலோமீட்டர் தொலைவில் இன்னொரு மாநிலத்தின் குடிமகளாகிறாள். ஒரு மாநிலத்தின் சான்றிதழ் மறு மாநிலத் திட்டங்களில் செல்லாதிருந்த நிலையை மாற்றவே நாடு தழுவிய தனித்துவ அடையாள அட்டை கொண்டுவரப்பட்டது. 2021 ஜூன் முதல் சான்றிதழ்கள் அந்த இணையவழியிலேயே வழங்கப்பட வேண்டும் என்று ஆணையிடப்பட்டது. அட்டை நாடு முழுவதும் செல்லும். உதவித்தொகையோ வசிப்பிட மாநிலத்தைச் சார்ந்தே நிற்கிறது. தமிழ்நாடு அறிவுசார் குறைபாடுள்ளோருக்கான மாதப் பராமரிப்புத் தொகையை 2023-இல் 2,000 ரூபாயாக உயர்த்தியது. கேரளமோ ஓய்வூதியத்தையும் பராமரிப்பாளர் உதவியையும் தனித்தனியே வைத்துள்ளது. ஒரே குடும்பத்தின் இரு கிளைகளில் ஒரே நிலையிலுள்ள இரு குழந்தைகள் வெவ்வேறு வரையறைகளில் வாழ்கின்றனர்.

தாய்க்குப் பின்

2004-இல் எட்டு வயதில் பட்ஸ் பள்ளிக்கு வந்த ஒரு குழந்தைக்கு 2024-இல் 28 வயது. அதன் தாய் அறுபதை நெருங்குகிறாள். சிறப்புக் கல்வி குறித்த ஆய்வுகள் குழந்தையோடு நின்றுவிடுகின்றன, குழந்தைகள் நிற்பதில்லை. இந்தத் தலைமுறையின் கேள்வி சேர்க்கையைப் பற்றியதன்று. தனக்குப் பின் யார் என்பதே.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு ஆகிய நான்குக்கும் உரிய 1999-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஒரு விடையைத் தருகிறது. மாவட்ட ஆட்சியர் நிலையிலுள்ள அதிகாரி, பதிவுபெற்ற அமைப்பின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோரைக் கொண்ட உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கும். நியமனம் பெற்றவர் ஆறு மாதங்களுக்குள் சொத்து விவரத்தையும் ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கையும் அளிக்க வேண்டும். பாதுகாப்பில் இருப்பவரைப் புறக்கணித்தால் அவரை நீக்கலாம். கண்காணிப்பு உண்டு என்பதே இதன் சிறப்பு. அது தாளில் நிற்குமா, நடைமுறையில் நிற்குமா என்பது குழு எத்தனை முறை கூடுகிறது, யார் கேள்வி கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பெற்றோர் உயிரோடு இருக்கும் வரை கேட்பார்கள். அவர்களுக்குப் பின்னும் கேட்கப்பட வேண்டுமானால் அக்கேள்வி குடும்பத்தின் பொறுப்பிலிருந்து ஊரின் பொறுப்பாக மாறியிருக்க வேண்டும்.

அம்மாற்றத்துக்கான சான்றுகள் இப்பகுதியில் உள்ளன. கிராமசபைத் தீர்மானப் பதிவேடுகள், அயல்கூட்டக் குறிப்பேடுகள், பட்ஸ் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவுகள், தாய்மார் பையில் நெகிழி உறையிட்டுக் காக்கும் மனுநகல்கள் ஆகியவையே ஆவணங்கள். ஆவணக் காப்பகம் எதுவும் இவற்றைக் கேட்டு வரவில்லை. பதிவேடுகள் நிரம்பியதும் பழைய தாள் விலைக்குப் போகும் வாய்ப்பே மிகுதி. அவற்றைச் சேகரிப்பதும், 2004-இன் முதல் தாய்மாரின் வாய்மொழியை அவர்கள் பேசும் தமிழிலும் மலையாளத்திலுமாகப் பதிவு செய்வதும் நெய்யாற்றின்கரை எல்லைப்புறம் குறித்து ஆராயும் மாணவர்கள் முன்னுள்ள பணி. காலம் குறுகியது, அத்தாய்மாரின் வயதே அதன் அளவு.